“சிங்க் ஒழுகுதுன்னு வீட்டை விட்டுப் போக மாட்டேன்!” - கொடைக்கானல் டீச்சரின் 48 மணி நேரம்

கொடைக்கானல் ஆனந்தகிரியில் இருக்கிறது அந்த ஓட்டு வீடு. சமையலறை சிங்க்குக்கு மேலே, சுவரில் நோட்டுத் தாள் ஒன்று ஒட்டப்பட்டிருந்தது.

‘செவ்வாய் மாலை 4 மணி வரை யாரும் தொடக் கூடாது. பாத்திரம் கழுவ பின்வாசல்.’

‘யாரும்’ என்ற சொல்லுக்குக் கீழே சிவப்பு மையில் இரண்டு கோடுகள். திங்கட்கிழமை காலை கோயம்புத்தூரிலிருந்து பழனி வழியாக மலையேறி வந்த மகன், காபி டம்ளரைக் கழுவப் போனவர், அதைப் படித்துவிட்டு அப்படியே நின்றார்.

“என்னம்மா இது?”

“தமிழ் மறந்துபோச்சா? படிச்சிப் பாரு.”

அந்த அம்மாவுக்கு வயது 61. அரசுப் பள்ளியில் அறிவியல் நடத்தி ஓய்வுபெற்றவர். ஊரில் அவருக்கு ஒரே பெயர்தான், ‘டீச்சர்’. காய்கறிக் கடைக்காரர், மினி பஸ் கண்டக்டர், மருந்துக்கடைப் பையன் என்று பாதிப் பேர் அவரிடம் எட்டாம் வகுப்பில் அடிவாங்கியவர்கள். கணவர் தபால் துறையில் இருந்தவர். அவர் இறந்து இரண்டு வருடங்கள் ஆகின்றன. அதிலிருந்து டீச்சர் அந்த வீட்டில் தனியாகத்தான் இருக்கிறார்.

சித்திரை முதல் நாளைக்கு மகன் குடும்பத்தோடு வந்தது பாயசம் குடிக்க மட்டும் அல்ல என்பது டீச்சருக்கும் தெரியும்.

பொங்கலுக்கு ஆரம்பித்த பேச்சு

பொங்கல் விடுமுறைக்கு வந்திருந்தபோதுதான் மகன் அதைக் கவனித்தார். சிங்க்குக்குக் கீழே இருக்கும் மரக் கப்போர்டின் கதவு மூடவில்லை. உள்ளே டார்ச் அடித்துப் பார்த்தால், பலகை தண்ணீர் குடித்து அப்பளம்போல் உப்பியிருந்தது. மூலையெல்லாம் கறுப்புப் பூஞ்சை. அந்த மார்கழியில்தான் டீச்சருக்கு மூன்று வாரம் விடாமல் இருமல் இருந்தது.

“இதையெல்லாம் நீ ஒத்தையில எப்படிம்மா பாத்துக்குவ? கோயம்புத்தூர்ல எங்க ஃபிளாட்டுக்குக் கீழ்வீடு காலியாகுது. வந்துடு. இந்த வீட்டைக் கொடுத்துடலாம்.”

மகன் சொன்னதில் தப்பில்லை. கொடைக்கானலில் வீடு வைத்திருப்பது சமவெளியில் வைத்திருப்பது போல அல்ல. கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,100 மீட்டர் உயரம். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை கொட்டும். அது ஓய்ந்தால் மார்கழி, தையில் உறைபனி. மற்ற நாட்களில் மத்தியானம் ஆனால் மேகம் ஜன்னல் வழியாக வீட்டுக்குள் வந்து உட்காரும். 1845-ல் அமெரிக்க மிஷனரிகள் சமவெளியின் வெயிலுக்கும் காய்ச்சலுக்கும் பயந்து இங்கே வந்து வீடு கட்டினார்கள். வெயிலிலிருந்து தப்பிக்கலாம், ஈரத்திலிருந்து தப்பிக்க முடியாது என்பதை இந்த ஊரில் வீடு கட்டிய எல்லோரும் ஒரு மழைக்காலத்திலேயே கற்றுக்கொள்வார்கள். கீழே திண்டுக்கல்லில் ஒழுகும் சிங்க் ஒரு நாளில் காய்ந்துவிடும். இங்கே காயாது. பலகை உளுக்கும், பூஞ்சை படரும், அது மூச்சுக்குழாய்க்குப் போகும்.

டீச்சர் அன்றைக்குப் பதில் எதுவும் சொல்லவில்லை. “பாப்போம்” என்றார். அந்தப் ‘பாப்போம்’ மகனுக்குச் சம்மதம்போலக் கேட்டிருக்க வேண்டும்.

ஐந்தே நாளில் திரும்ப வந்த ஈரம்

பங்குனி கடைசியில் ஒரு பிளம்பரைப் பிடித்தார் டீச்சர். கணவர் 1998-ல் தன் கையால் வெள்ளை சிமென்ட் வைத்துப் பொருத்திய ஸ்டீல் சிங்க் அது. 22 அங்குல நீளம், 16 அங்குல அகலம். பிளம்பர் சிமென்ட்டை உளியால் தட்டி எடுத்து, சிங்க்கைக் கீழிருந்து தூக்கி வெளியே எடுத்தார். துருப்பிடித்த பழைய வேஸ்ட் கப்ளிங்கை மாற்றினார். ஆசாரி வந்து கப்போர்டு பலகையை மாற்றினார். சிங்க்கைத் திரும்ப வைத்து, ஓரத்தைச் சுற்றி சிலிக்கான் அடித்து, “சாயந்தரமே புழங்கலாம் டீச்சர்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஐந்தாம் நாள் காலை, புதுப் பலகையில் உள்ளங்கை அகலத்துக்கு ஈரம்.

போன் அடித்தார். “டீச்சர், சீசன் ஆரம்பிச்சிருச்சு. ரிசார்ட்டுக்காரங்க விடமாட்டேங்கிறாங்க. மே முடியட்டும், கண்டிப்பா வந்துர்றேன்.”

அவரைக் குறை சொல்லியும் பயனில்லை. ஏப்ரல், மே இரண்டு மாதம்தான் இந்த ஊரில் பாதிப் பேருக்கு வருஷச் சம்பாத்தியம். ஆனால் மே முடிவதற்குள் புதுப் பலகையும் அப்பளமாகிவிடும். அதைவிட முக்கியம், சித்திரை முதல் நாளைக்கு மகன் வருகிறார். வந்ததும் முதலில் அந்தக் கப்போர்டைத்தான் திறப்பார்.

டீச்சர் சேலையைச் செருகிக்கொண்டு சிங்க்குக்குக் கீழே உட்கார்ந்தார்.

எங்கே ஒழுகுகிறது?

34 வருஷம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்த அதே முறைதான். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் சோதிக்க வேண்டும்.

முதலில் எல்லாவற்றையும் துணியால் துடைத்து, கீழே பழைய செய்தித்தாளை விரித்தார். சிங்க்கின் வாயை அடைத்துத் தண்ணீர் நிரப்பினார். பத்து நிமிடம், தாள் காய்ந்தே இருந்தது. அப்படியானால் தொட்டியில் ஓட்டை இல்லை. அடைப்பை எடுத்தார். தண்ணீர் சுழித்துக்கொண்டு போனது. தாள் அப்போதும் காய்ந்தே இருந்தது. அப்படியானால் கப்ளிங்கும் குழாயும் சரி. கடைசியாக ஒரு டம்ளர் தண்ணீரை மேடையின் மேல், சிங்க்கின் விளிம்பை ஒட்டி ஊற்றினார். கொஞ்ச நேரத்தில் தாளில் ஒரு சொட்டு. பிறகு இன்னொன்று.

ஆக, ஒழுகுவது சிங்க் அல்ல. சிங்க்குக்கும் கல்லுக்கும் நடுவில் இருக்கும் ஒட்டு. விரல் நகத்தால் சிலிக்கானின் ஓரத்தை நெம்பினார். ஸ்டீலோடு ஒட்டியிருந்தது. கல்லின் பக்கம் மட்டும், வெந்த முட்டையின் தோல்போல நீளமாக உரிந்து வந்தது.

ஸ்டீலில் ஒட்டியது கல்லில் ஏன் ஒட்டவில்லை? இந்தக் கேள்வியோடுதான் சனிக்கிழமை மூஞ்சிக்கல் பக்கம் ஹார்டுவேர் கடைக்குப் போனார்.

கடையில் ஒரு அறிவியல் வகுப்பு

கடைக்காரரும் டீச்சரிடம் படித்தவர்தான்.

“என்ன டீச்சர், நீங்களேவா பண்ணப் போறீங்க? ஆள் அனுப்பவா?”

“உங்கிட்ட ஆள் இருந்தா நீ ஏன்டா தனியா கடையில நிக்கிற? ஒரு சந்தேகம் கேக்கணும்.”

உரிந்து வந்த துண்டை மேஜையில் வைத்தார். கடைக்காரர் அதைப் பார்த்துவிட்டுக் கேட்ட முதல் கேள்வி, “உங்க மேடை என்ன கல்லு?”

“கடப்பா.”

“அடிச்சப்ப வினிகர் வாசனை வந்துச்சா?”

வந்தது. ஊறுகாய் பாட்டிலைத் திறந்ததுபோல ஒரு நாள் முழுக்க வீட்டில் அந்த நெடி இருந்தது.

அதற்கு மேல் கடைக்காரர் சொல்ல வேண்டியிருக்கவில்லை. டீச்சர் நெற்றியில் தட்டிக்கொண்டார். கடப்பா கல் என்பது சுண்ணாம்புக்கல் வகை. வினிகர் நெடி என்றால் அசிட்டிக் அமிலம். சுண்ணாம்புக்கல்லில் அமிலம் பட்டால் என்ன ஆகும் என்பதை அவரே எத்தனையோ தடவை வகுப்பில் செய்து காட்டியிருக்கிறார். பொங்கி நுரைத்து வாயு வெளியேறும். சிங்க் ஓரத்தில் அந்த அளவுக்கு நுரைக்காது. ஆனால் ஒட்ட வேண்டிய இடத்தில் கல்லின் மேல்தோலை அமிலம் அரித்துவிடும். ஒட்டு பிடிக்காது.

“சிலிக்கான்ல ரெண்டு வகை டீச்சர். வினிகர் வாசனை வர்றது கண்ணாடி, ஸ்டீல், டைல்ஸுக்கு நல்லா நிக்கும். கடப்பா, மார்பிள், சிமென்ட்டுக்கெல்லாம் நியூட்ரல்னு போட்டிருக்கும், அதுதான் வாங்கணும். வெலை கொஞ்சம் கூட. அதனால யாரும் கேக்குறதில்ல.”

“சிலிக்கான் இல்லடா, சிலிக்கோன். சிலிக்கான் தனிமம். இது அதுல இருந்து செஞ்ச ரப்பர்.”

“சரி டீச்சர்” என்று கடைக்காரர் பழக்கதோஷத்தில் கையைக் கட்டிக்கொண்டார்.

நியூட்ரல் வகையில் 280 மில்லி ட்யூப் ஒன்று, அதை அழுத்த ஒரு கன், மாஸ்கிங் டேப் ஒரு சுருள், பெயின்ட் சுரண்டும் பிளேடு, கொஞ்சம் தின்னர். பூஞ்சை வராமல் தடுக்கும் மருந்து கலந்ததாகக் கேட்டு வாங்கினார். கொடைக்கானலுக்கு அது இல்லாமல் ஆகாது.

‘முன் 9, பின் 7’

ஞாயிற்றுக்கிழமை. பக்கத்து வீட்டில் கல்லூரி படிக்கும் தம்பி உதவிக்கு வந்தார். வேஸ்ட் பைப்பைக் கழற்றி, ஓரத்துச் சிலிக்கோனை பிளேடால் அறுத்து, கீழிருந்து உந்தியதும் சிங்க் கையோடு வந்துவிட்டது. அவ்வளவு பலவீனமான ஒட்டு.

பிறகு சுரண்டல். இந்த வேலையில் முக்கால்வாசி நேரம் இதற்குத்தான். பழைய சிலிக்கோன் மேல் புதியது ஒட்டவே ஒட்டாது. ஒரு மெல்லிய படலம் மிச்சமிருந்தாலும் அந்த இடத்தில் தண்ணீர் வழி கண்டுபிடித்துவிடும். பிளம்பர் தட்டாமல் விட்ட வெள்ளை சிமென்ட் துணுக்குகளும் அங்கங்கே கல்லோடு இருந்தன. அவற்றின் மேலேயேதான் போன தடவை சிலிக்கோன் அடிக்கப்பட்டிருந்தது.

கல்லின் அடிப்பக்கத்தைத் தடவிப் பார்க்கக் குனிந்த தம்பி, “டீச்சர், இங்க ஏதோ எழுதியிருக்கு” என்றார்.

மொபைல் வெளிச்சத்தில் பார்த்தார் டீச்சர். வெள்ளைப் பெயின்ட்டில் ஒரு அம்புக்குறி. பக்கத்தில், ‘முன் 9, பின் 7.’ கணவரின் கையெழுத்து. ஃபியூஸ் பெட்டி, அரிசி டின், தண்ணீர்த் தொட்டி வால்வு என்று எல்லாவற்றின் மேலும் எழுதி வைக்கும் மனிதர் அவர். அந்தப் பழக்கத்துக்காக அவரிடம் சண்டை போட்டிருக்கிறார் டீச்சர்.

டேப்பை எடுத்து அளந்தார். சிங்க்கின் துளை நட்டநடுவில் இல்லை. ஒரு விளிம்பிலிருந்து 9 அங்குலம், எதிர் விளிம்பிலிருந்து 7 அங்குலம். 9 அங்குலப் பக்கம்தான் முன்னால் வர வேண்டும். பிளம்பர் சிங்க்கைத் திருப்பி வைத்துவிட்டிருந்தார். குழாய் சுவரிலிருந்து வருவதால் சிங்க்கை எப்படி வைத்தாலும் பார்வைக்கு ஒன்றுதான். ஆனால் துளை 2 அங்குலம் தள்ளிப்போய்விட்டது. நெளிவு பைப் என்பதால் இழுத்து மாட்ட முடிந்திருக்கிறது. அந்த பைப் இரவு பகலாக சிங்க்கை ஒரு பக்கம் இழுத்துக்கொண்டே இருந்திருக்கிறது. ஏற்கெனவே சரியாகப் பிடிக்காத ஒட்டு வேறு எப்படி நிற்கும்?

டீச்சர் கொஞ்ச நேரம் எதுவும் பேசவில்லை. பிறகு, “சரி, திருப்பி வைப்போம். டீ குடிச்சிட்டு வாடா தம்பி” என்றார்.

விளிம்புக்குள் ஒரு மாலை

கணவர் வெள்ளை சிமென்ட் வைத்ததிலும் ஒரு குறை இருந்தது என்பதை டீச்சர் மறைக்கவில்லை. ஸ்டீல் சூட்டில் விரியும். 60 டிகிரி சூடு ஏறினால், 22 அங்குல ஸ்டீல் ஏறக்குறைய அரை மில்லிமீட்டர் நீளும். கொடைக்கானல் உயரத்தில் தண்ணீர் சுமார் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். ஆனால் தை மாதக் காலையில் பனியில் விறைத்துக் கிடக்கும் சிங்க்கில் சோற்றுக்கஞ்சியை வடித்தால், அதற்கு அந்த 93 டிகிரியே அதிகம். கல்லோ அசையாது. நடுவில் இருக்கும் சிமென்ட்டுக்கு வளையத் தெரியாது, விரியத்தான் தெரியும். 25 வருஷத்துக்கு மேல் தாங்கியதே பெரிது. சிலிக்கோன் ரப்பர் என்பதால் இழுத்தால் நீளும், விட்டால் சுருங்கும்.

கல்லையும் ஸ்டீல் விளிம்பையும் சோப்புத் தண்ணீரால் கழுவி, துடைத்து, தின்னர் தொட்ட துணியால் எண்ணெய்ப் பிசுக்கை எடுத்தார்கள். அதற்குள் மேகம் இறங்கிவிட்டது. ஜன்னலைச் சாத்தினால் தின்னர் நெடி, திறந்தால் ஈரம். நெடி போகும்வரை திறந்து வைத்திருந்து, பிறகு சாத்திவிட்டு, பக்கத்து வீட்டு ஹேர் டிரையரால் கல்லை அங்குலம் அங்குலமாகக் காய வைத்தார்கள்.

மறுபடியும் டீச்சரின் விளக்கம்: “சிலிக்கோன் பசை மாதிரி காயுறது இல்ல. காத்துல இருக்கிற ஈரத்தை எடுத்துக்கிட்டுத்தான் அது கெட்டியாகும். அதனால ஈரக் காத்து இருக்கலாம், ஈரக் கல்லு இருக்கக் கூடாது. ரெண்டும் வேற.”

சிங்க்கை ஒரு தடவை வெறுமனே வைத்துப் பார்த்து, விளிம்பைச் சுற்றிக் கல்லில் மாஸ்கிங் டேப் ஒட்டினார்கள். ட்யூபின் மூக்கைச் சாய்வாக வெட்டி, சிங்க்கைக் கவிழ்த்து, விளிம்பின் அடியில் விட்டுப்போகாமல் ஒரே கோடாக, தொடங்கிய இடத்தில் வந்து முடியும்படி ஒரு மாலை போட்டார். இருவரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து நேராக இறக்கினார்கள். இழுத்து நகர்த்தவில்லை. நகர்த்தினால் மாலை அறுந்துவிடும். அடியில் கிளிப்புகளைக் கையால் முறுக்கினார்கள். சிங்க்குக்குள் 5 கிலோ அரிசிப் பை பாரமாக உட்கார்ந்தது.

வெளிவிளிம்பில் இன்னொரு கோடு. சோப்புத் தண்ணீரில் விரலை நனைத்து, ஒரே இழுப்பில் மட்டமாக்கினார். மேல்தோல் கட்டுவதற்குள், பத்து நிமிடத்துக்குள், டேப்பை உரித்து எடுத்தார். மாலை மணி நான்கு.

ட்யூபில் 24 மணி நேரம் என்றிருந்தது. டீச்சர் 48 என்று முடிவு செய்தார். வெளியிலிருந்து உள்நோக்கித்தான் இது கெட்டியாகும். சாதாரண வெப்பநிலையில் ஒரு நாளைக்கு 2, 3 மில்லிமீட்டர். ஸ்டீல் விளிம்புக்கு அடியில் காற்று போக ஓரம் மட்டும்தான் வழி. அதோடு கொடைக்கானல் குளிர். போன தடவை அன்று மாலையே புழங்கியது எவ்வளவு பெரிய தப்பு என்பது இப்போது புரிந்தது.

தாளைக் கிழித்து, எழுதி, சுவரில் ஒட்டினார்.

பின்வாசலில் ஒரு பண்டிகை

“கல்லூரிப் பையனை வெச்சுக்கிட்டு நீயா பண்ணுன? முழங்கால் வலியோட கீழ உக்காந்தா?” மகனின் குரலில் கோபமும் இருந்தது, வேறு ஏதோவும் இருந்தது. “இதுக்குத்தாம்மா சொல்றேன், வந்துடுன்னு.”

“நாளைக்கு நாலு மணிக்குப் பேசுவோம்” என்றார் டீச்சர்.

அன்றும் மறுநாளும் ஐந்து பேர் சாப்பிட்ட பாத்திரங்கள் பின்வாசல் துவைக்கிற கல்லில்தான் கழுவப்பட்டன. சித்திரை முதல் நாள் சமையல் வேறு. மாங்காய்ப் பச்சடி, வடை, பாயசம். மருமகள் ஆரம்பத்தில் முகம் சுளித்தார். பிறகு வெயிலில் முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டு, “அத்தை, இது நல்லாத்தான் இருக்கு. ஃபிளாட்ல பாத்திரம் கழுவறப்ப சுவத்தத்தான் பாத்துக்கிட்டு நிக்கணும்” என்றார். மகனும் இரண்டு குக்கர்களைத் தேய்த்தார். எட்டாம் வகுப்புக்குப் பிறகு இப்போதுதான் தேய்க்கிறான் என்று டீச்சர் சொன்னதை அவர் மறுக்கவில்லை.

ஒன்பது வயதுப் பேத்திக்குத்தான் பொறுமை இல்லை. மணிக்கொரு தரம் சிங்க் அருகே போய் நின்றாள்.

“அப்பத்தா, ஒரே ஒரு விரல் வெச்சுப் பாக்கவா?”

“நிலாவுல நடந்தாங்கள்ல, 1969-ல? அவங்க பூட்ஸோட அடிப்பாகம் சிலிக்கோன் ரப்பர்தான். நிலா வரைக்கும் போயிட்டு வந்த சாமான். அதுக்கு ரெண்டு நாள் மரியாதை குடு.”

“ஏரி மட்டும் எப்படி ஒழுகாம இருக்கு?”

டீச்சருக்கு இந்தக் கேள்வி ரொம்பப் பிடித்துப்போனது. கொடைக்கானல் ஏரி இயற்கையாக அமைந்தது என்றுதான் வருகிறவர்கள் நினைக்கிறார்கள். மதுரை கலெக்டராக இருந்த வேரே ஹென்றி லெவின்ஜ் 1863-ல் ஓடைகளை மறித்துக் கரை கட்டி உண்டாக்கியது அது. “அதுவும் ஒரு சிங்க்தான். கரையைப் பாத்துக்கிட்டா தண்ணி நிக்கும். கவனிக்காம விட்டா எந்தக் கரையும் ஒழுகும்.”

மகன் அதைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்.

டீச்சரின் நோட்டிலிருந்து

அடுத்த தடவை யார் செய்தாலும் பயன்படட்டும் என்று டீச்சர் எழுதி வைத்திருப்பவை இவை.

* கழற்றுவதற்கு முன்பே எங்கே ஒழுகுகிறது என்று கண்டுபிடிக்கவும். தொட்டி, கப்ளிங், விளிம்பு மூன்றையும் தனித்தனியாகச் சோதிக்கவும்.

* சிங்க்கை எடுக்கும்போது எது முன்பக்கம் என்று அடியில் குறித்து வைக்கவும். கழற்றுவதற்கு முன் போட்டோ எடுத்துக்கொள்வது நல்லது.

* கடப்பா, மார்பிள், சிமென்ட் மேடைக்கு நியூட்ரல் வகை மட்டும். வினிகர் வாசனை வருவது வேண்டாம்.

* பழைய சிலிக்கோனைத் துளி மிச்சமில்லாமல் சுரண்டவும். கல் உலர்ந்திருக்க வேண்டும்.

* கப்ளிங் நட்டைக் கையால் முறுக்கி, அதற்கு மேல் கால் சுற்றுப் போதும். அதிகம் முறுக்கினால் வாஷர் பிதுங்கும்.

* கப்போர்டில் பூஞ்சைக்கு பிளீச்சிங் பவுடர் கரைசல் போட்டால், அதோடு வினிகரையோ வேறு அமிலத்தையோ கலக்கவே கூடாது. குளோரின் வாயு வரும்.

* மலையில் 48 மணி நேரம். அவசரப்பட்டால் மறுபடி முதலிலிருந்து.

செவ்வாய், மாலை 4 மணி

பேத்தி தாளைக் கிழித்தாள். அரிசிப் பை வெளியே வந்தது. கீழே புதிய செய்தித்தாள் விரிக்கப்பட்டது. சிங்க்கை நிரப்பி, பத்து நிமிடம் வைத்திருந்து, திறந்துவிட்டார்கள். பிறகு டீச்சர் ஒரு டம்ளர் தண்ணீரை விளிம்பு ஓரத்தில் ஊற்றினார். அடுத்து இன்னொன்று. கடைசியாக, மதியச் சோறு வடித்த கஞ்சியைத் திரும்பச் சூடாக்கி, அதையும் ஊற்றினார்.

மகன்தான் கீழே குனிந்து மொபைல் டார்ச் அடித்தார். தாளை எடுத்து இரண்டு பக்கமும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். காய்ந்திருந்தது. பிறகும் அவர் வெளியே வரவில்லை. அம்புக்குறியையும் ‘முன் 9, பின் 7’-ஐயும் பார்த்துவிட்டார் என்பது டீச்சருக்குத் தெரிந்தது.

“அப்பா எழுதுனதா?”

“வேற யாரு எழுதுவா?”

எழுந்து கையைத் துடைத்துக்கொண்டார் மகன். கோயம்புத்தூர் ஃபிளாட் பேச்சை அவர் எடுக்கவில்லை. டீச்சர்தான் எடுத்தார்.

“இங்க பாருடா. வரவே மாட்டேன்னு நான் சொல்லல. முழங்கால் ஒருநாள் ஏறமாட்டேன்னு சொல்லும். அன்னைக்கு நானே போன் பண்றேன், வண்டி கொண்டு வா. ஆனா ஒரு சிங்க் ஒழுகுதுன்னு வீட்டை விட்டுப் போக மாட்டேன்.”

மகன் கொஞ்ச நேரம் ஜன்னல் வழியே வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். கீழே பள்ளத்திலிருந்து மேகம் ஏறிவந்துகொண்டிருந்தது.

“கூரையில ரெண்டு ஓடு நகர்ந்திருக்கும்மா. வரும்போதே பாத்தேன். நீ ஏணியில ஏறிடாத” என்றார். “அடுத்த மாசம் நான் வந்து மாத்தித் தர்றேன்.”

“எந்த ஓடுன்னு சாக்பீஸ்ல குறிச்சு வெச்சிட்டுப் போ” என்றார் டீச்சர்.

பேத்தி அதற்குள் தன் பாயசக் கிண்ணத்தைச் சிங்க்கில் போட்டு, குழாயைத் திறந்துவிட்டிருந்தாள்.